சிம்மாசனத்துக்கு முன்னால் குர்ஆன்

விஜயநகரம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? 'சுல்தான்களை எதிர்த்து நின்ற இந்து ராஜ்யம்', சரிதானே? பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் ஒப்பித்தோம்.

இரண்டாம் தேவராயர் (1424-1446) கதையைக் கேளுங்கள். பாமினி சுல்தான்களிடம் நல்ல குதிரைகள், குறி தவறாத வில்லாளிகள். ராயர் பார்த்தார். முஸ்லிம் வீரர்களையே வேலைக்கு எடுத்தார், நிலமும் கொடுத்தார். மனிதனுக்குத் தலைவணங்க அவர்கள் தயங்குவார்களே? சிம்மாசனத்துக்கு முன்னால் குர்ஆனை வைக்கச் சொன்னாராம். எழுதிவைத்தவர் பாரசீக வரலாற்றாசிரியர் ஃபெரிஷ்டா. வணக்கம் ராஜாவுக்கா, வேதத்துக்கா? இரண்டு பக்கமும் கணக்கு டேலி! (பி.காம். புத்தி, மன்னியுங்கள்.)

பெருந்தன்மையா, படைத் தேவையா? தேவைதான் முதலில் என்பேன். ஆனால், அதோடு நிற்கவில்லை. ஹம்பி போனால் அகமத் கான் மசூதியைத் தேடிப் பாருங்கள். 1439-ல் ராயரின் அதிகாரி கட்டியது. குவிமாடம் இல்லை, மினார் இல்லை. அசல் கோயில் மண்டபத் தூண்கள். கன்னடக் கல்வெட்டு அதை 'தர்மசாலை' என்கிறது. கட்டிய புண்ணியம் யாருக்காம்? தேவராயருக்கு!