வாகைக்குளம், ஒன்றரை மணி நேரம்

2018 நவம்பரில் ஒரு நாள், விடிவதற்கு முன் அண்ணனிடமிருந்து போன். அப்பா போய்விட்டார்.

சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயிலில் சுமார் 650 கிலோமீட்டர். முத்துநகர் எக்ஸ்பிரஸ் ராத்திரிதான். அதைப் பிடித்தால் மறுநாள் காலைதான் போய்ச் சேர முடியும். ஆகவே விமானம். வாகைக்குளத்துக்கு ஆகாய மார்க்கமாக 530 கிலோமீட்டர்தான். 10 மணிக்குக் கிளம்பி 11.30-க்கு இறங்கும் என்று டிக்கெட் சொன்னது.

"மூணு மணிக்கு எடுத்துருவோம்லே. வந்துருவேல்ல?"

"ஒன்றரை மணி நேரம்தாண்ணே" என்றேன்.

இந்த ஒன்றரை மணி நேரம் இருக்கிறதே, பி.காம். படித்தவன் கொஞ்சம் பிரித்துப் பார்த்திருக்க வேண்டிய கணக்கு. ஏடிஆர் என்கிற அந்த விசிறி விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். அப்படியானால் ஒரு மணி சொச்சம்தானே? மீதி எங்கே போனது? டிக்கெட்டில் போடுவது பறக்கும் நேரம் அல்ல, 'பிளாக் டைம்'. சென்னையில் நின்ற இடத்தைவிட்டு நகர்ந்ததிலிருந்து, அங்கே போய் நிறுத்துகிற வரை. வரிசையில் காத்திருப்பது, ஏறுவது, இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். கம்பெனிக்காரர்கள் பத்து நிமிஷம் கூடுதலாகவும் போட்டுக்கொள்வார்கள். அப்போதுதானே 'சரியான நேரத்தில் வந்தோம்' என்று சொல்லிக்கொள்ள முடியும்!

ஆனால் மழைக்கு எந்தக் கணக்கில் இடம்?

தூத்துக்குடிக்கு மேலே வந்தாயிற்று. ஜன்னலில் வெறும் சாம்பல் நிறம். ஒரு சுற்று, இரண்டு சுற்று. அன்றைக்கு அங்கே ஓடுபாதை 1,350 மீட்டர்தான். (இப்போது 3,115 மீட்டராக நீட்டி, 2025 ஜூலையில் புது முனையமும் திறந்துவிட்டார்கள்.) மாற்று நிலையம் வரை போகவும், அதற்கு மேல் அரை மணி நேரம் வானத்தில் நிற்கவும் எண்ணெய் கையிருப்பு இருந்தாக வேண்டும் என்பது விதி. அதைத் தொடும் முன் விமானி முடிவெடுக்க வேண்டும். எடுத்தார். நன்றாகத்தான் எடுத்தார். எனக்குத்தான் அன்று அது புரியவில்லை.

மதுரை.

வாகைக்குளத்திலிருந்து மதுரை நிலையம் வானத்தில் 125 கிலோமீட்டர்கூட இல்லை. இருபது நிமிஷப் பறப்பு. அப்பாவின் தலைக்கு மேலே போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறேன்.

"மதுரையா? அங்க எதுக்குலே போன?" அண்ணன் குரலில் அழுகையும் கோபமும்.

பஸ் ஏற்பாடு செய்கிறோம் என்றார்கள். காத்திருக்காமல் டாக்ஸி பிடித்தேன். அருப்புக்கோட்டை, எட்டயபுரம். டிரைவர் தம்பிக்கு விஷயம் சொன்னதும் பாட்டை நிறுத்திவிட்டார். "போயிரலாம் சார், போயிரலாம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தார். வழியெல்லாம் எனக்கு அப்பாவின் பேச்சுதான். "ராத்திரி படுத்தா காலைல மெட்ராஸ். இதுக்கு எதுக்குடே ஏரோப்ளேன்?"

தெருவுக்குள் நுழையும்போது 2.40. பந்தலுக்கு வெளியே நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை, தோளைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனான். அப்பா முகத்தில் யாரோ புதிதாகத் திருநீறு பூசியிருந்தார்கள்.

எல்லாம் முடிந்து, ராத்திரி திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்து வீட்டுத் தாத்தா கேட்டார்: "பிளேன்ல எம்புட்டு நேரம்யா ஆகும்?"

"ஒன்றரை மணி நேரம் தாத்தா" என்றேன்.