உப்புக் காலத்துப் பட்டறை

டொராண்டோவில் டிசம்பர் தொடங்கி மார்ச் முடியும் வரை சைக்கிளைத் தின்பது உப்பு. பனி வரப்போகிறது என்று வானிலை அறிவிப்பு வந்ததுமே மாநகராட்சி வண்டிகள் உப்புக் கரைசலைச் சாலையில் கோடு கோடாக ஊற்றிவிட்டுப் போகும். பனி விழுந்த பிறகு கல்லுப்பு. வெறும் தண்ணீர் பூஜ்யம் டிகிரியில் உறைந்துவிடும். நூற்றுக்கு 23 பங்கு உப்புக் கலந்த தண்ணீர் மைனஸ் 21 வரைக்கும் தாக்குப்பிடிக்கும். கார் ஓட்டுகிறவர்களுக்கு இது பெரிய உதவி. சைக்கிளுக்கோ, சக்கரம் வாரியடிக்கும் அந்த உப்புச் சேறு செயின் கண்ணிக்குள்ளும் பிரேக் வயரின் உறைக்குள்ளும் பெடல் பேரிங்குக்குள்ளும் போய்க் குடியேறிவிடுகிறது. ஒரு வாரம் துடைக்காமல் விட்டால் செயின் செம்மஞ்சளாகிவிடும்.

அந்தத் துருவோடு மல்லுக்கட்டும் பட்டறை ஒன்றுக்கு இந்தக் குளிர்காலம் முழுக்கப் போய்வந்தேன். நகரத்தின் மேற்கே, பழைய கட்டடம் ஒன்றின் நிலவறையில் இருக்கிறது. தன்னார்வலர்களே நடத்துகிறார்கள், சம்பளம் வாங்குகிறவர் ஒருவரும் இல்லை. வருகிறவர்கள் முடிந்ததை உண்டியலில் போடலாம், போடாமலும் போகலாம். சுவரில் பெரிய மரப்பலகை. ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதனதன் உருவத்தில் கறுப்புக் கோடு வரைந்திருக்கிறார்கள். இரவில் எந்தக் கோட்டுக்குள் கருவி இல்லையோ, அதைத் தேடி மாட்டிய பிறகுதான் விளக்கை அணைப்பார்கள். நீலக் கைப்பிடி போட்ட பார்க் டூல் கருவிகள் பாதி. யாரோ ஒருவருடைய தாத்தாவின் கராஜிலிருந்து வந்தவை பாதி.

பட்டறைக்கு ஒரே ஒரு சட்டம்தான். உங்கள் சைக்கிளை இங்கே யாரும் சரிசெய்து தர மாட்டார்கள். நீங்களே செய்ய வேண்டும். பக்கத்தில் ஒருவர் நின்று சொல்லிக்கொடுப்பார். வட அமெரிக்கா முழுக்க இப்படிப்பட்ட பட்டறைகள் இருக்கின்றன. 2004இல் நியூ ஆர்லியன்ஸில் முதன்முதலாகக் கூடிய ‘பைக்! பைக்!’ மாநாடு இவற்றையெல்லாம் ஒன்றோடொன்று பேசவைத்தது. டொராண்டோவில் அதற்கு முன்பே வேறொரு முயற்சி நடந்திருக்கிறது. கம்யூனிட்டி பைசிக்கிள் நெட்வொர்க் என்ற அமைப்பு 2001 முதல் 2006 வரை மஞ்சள் வண்ணம் பூசிய சைக்கிள்களை ஊராருக்கு இரவல் கொடுத்தது. பணம் வற்றியதும் திட்டம் நின்றது. சைக்கிளைக் கொடுப்பது சுலபம். அதை ஓட்டத்தில் வைத்திருக்கத்தான் ஆளும் காசும் வேண்டும். ஓட்டுகிறவரே மெக்கானிக்காகிவிட்டால் அந்தச் செலவு பாதியாகிவிடும் என்பது இப்படிப்பட்ட பட்டறைகளின் கணக்கு.

குளிர்காலத்தில் இந்தக் கணக்கு நன்றாகவே வேலை செய்கிறது. ஜூன் மாதத்தில் வாசலில் வரிசை நிற்கும். பஞ்சர் ஒட்டவும் பிரேக் கட்டை மாற்றவும் மட்டுமே நேரமிருக்கும். ஜனவரியில் நாலைந்து பேர்தான் வருவார்கள். ஒருவருக்கு ஒரு மாலைப்பொழுதையே கொடுக்கலாம். ஆனால் வருகிற ஒவ்வொரு சைக்கிளும் தன்னோடு ஒரு கூடைச் சேற்றுப்பனியைக் கொண்டுவரும். ஸ்டாண்டில் ஏற்றுவதற்கு முன்னால் கதவோரம் நிறுத்தி வடியவிட வேண்டும். அட்டைப்பெட்டிகளைக் கிழித்துத் தரையில் விரித்திருக்கிறார்கள்; அவை அரைமணி நேரத்தில் கூழாகிவிடும். துடைப்பமும் வாளியும் ஒருவர் கையில் இருந்துகொண்டே இருக்கும்.

இங்கே மூத்த தன்னார்வலர் யாழ்ப்பாணத்துக்காரர். அறுபதைத் தாண்டியவர். எல்லாருக்கும் அண்ணை. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் தொழில் பழகியவர். அப்போது குடாநாட்டில் பெட்ரோல் கிடையாது. நோயாளியும் நெல் மூட்டையும் விறகும் சைக்கிளில்தான் போயின. பேட்டரிக்கும் தடை என்பதால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் ரேடியோச் செய்தி கேட்ட காலம். புது உதிரிப்பாகம் என்ற ஒன்றே இல்லாத இடத்தில் கற்ற வேலை, எல்லாம் கிடைக்கிற நகரத்தில் இப்போது பயன்படுகிறது. நான் போனபோதெல்லாம் அவர் இரண்டு கைகளையும் ஜாக்கெட் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார். குளிரினாலா என்று கேட்டேன்.

“இல்லைத் தம்பி. வெளியில விட்டா அது தானாப் போய் ஸ்பேனரைப் பிடிச்சிடும்.”

அவர் சொன்னது எவ்வளவு சிரமமான காரியம் என்பதை ஒரு பி.பி. (பாட்டம் பிராக்கெட்) ஓவராயில் நடந்தபோது பார்த்தேன். பெடல் கிராங்குகள் இரண்டையும் இணைக்கும் ஆக்சில், ஃபிரேமின் அடிக்குழலுக்குள் பால்ஸ்களின் மேல் சுற்றுகிறது. பழைய வகைச் சைக்கிள்களில் பக்கத்துக்குப் பதினொன்றாக, கால் அங்குலப் பால்ஸ் இருக்கும். பள்ளி ஆசிரியை ஒருவர், பனிக்காலம் முழுக்க ஓட்டிய தன் பழைய ராலே சைக்கிளைக் கொண்டுவந்திருந்தார். மிதிக்கும்போது கரகரவென்று சத்தம். கிராங்கைக் கழற்றி, இடப்பக்கத்து லாக் ரிங்கை விடுவித்துக் கப்பை வெளியே எடுத்தார். கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செந்நிறச் சேறு. பால்ஸ்களை ஒரு டப்பாவின் மூடியில் போட்டு எண்ணினார். ஒன்று குறைந்தது. அண்ணை கண்ணால் தரையைக் காட்டினார். கூழாகிக் கிடந்த அட்டைக்குள்ளிருந்து அதைப் பொறுக்கி எடுத்தார் ஆசிரியை.

எல்லாப் பால்ஸ்களும் சொரசொரத்துப் போயிருந்தன. புதுப் பால்ஸ், புது கிரீஸ். அதுவரைக்கும் எளிது. கப்பைத் திரும்ப முறுக்கி, எந்த இடத்தில் நிறுத்துவது என்பதில்தான் தொழில் இருக்கிறது. அதிகம் முறுக்கினால் ஆக்சில் பிடிக்கும், குறைத்தால் ஆடும். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடம் மயிரிழை அகலம்தான். அதைக் கண்டுபிடித்துவிட்டாலும் லாக் ரிங்கை இறுக்கும்போது கப்பும் சேர்ந்து திரும்பிவிடும். ஆசிரியை இறுக்கினார், சுற்றிப் பார்த்தார், பிடித்தது. தளர்த்தினார், ஆடியது. மறுபடி, மறுபடி. அண்ணையின் முழங்கை அசைந்ததைக் கவனித்தேன். கை மட்டும் வெளியே வரவில்லை. கடைசியில் அவர் சொன்னது ஒரே வாக்கியம்: “இறுக்கேக்க மற்றக் கையால கப்பை அசையாமப் பிடியுங்கோ.” அடுத்த தடவை ஆக்சில் சத்தமில்லாமல் சுற்றியது.

“நான் செய்து குடுத்தா இருபது நிமிசம். அவ செய்ய ரெண்டு மணித்தியாலம். ஆனா இனி இதுக்கு அவ இஞ்ச வரத் தேவையில்லை,” என்றார் அண்ணை. ஊரில் சைக்கிள் கடைக்காரர் ஒருவர் இப்படிச் சொல்ல முடியாது. அவர் பிழைப்பே நாம் திரும்பி வருவதில்தான் இருக்கிறது.

அதே வாரத்தில் ஒருநாள் மைனஸ் 16. வாசற்கதவைத் தள்ளிக்கொண்டு ஓர் இளைஞர் வந்தார். முதுகில் உணவு டெலிவரிப் பை. கண்ணிமையில் பனித்துகள். எங்கள் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறிவிட்டார். கல்லூரியில் படிக்க மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர்.

“அண்ணா, பெடல் சும்மா சுத்துதுண்ணா. வண்டி நகரவே மாட்டேங்குது. கையில ஆர்டர் இருக்கு.”

குளிர்நாட்டுச் சைக்கிளுக்கே உரிய கோளாறு இது. ஃபிரீவீலுக்குள் சிறிய இரும்பு நாக்குகள் இரண்டு மூன்று இருக்கும். மெல்லிய ஸ்பிரிங் அவற்றை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். நாக்கு பல்லில் மாட்டினால்தான் பெடலின் விசை சக்கரத்துக்குப் போகும். மிதிக்காமல் உருளவிடும்போது கேட்கும் டிக்டிக் ஓசை அந்த நாக்குகளுடையதுதான். உள்ளே தண்ணீர் புகுந்து உறைந்தாலோ கிரீஸ் கெட்டிப்பட்டாலோ ஸ்பிரிங்குக்குத் தள்ளப் பலமிருக்காது. நாக்கு மடங்கியபடியே ஒட்டிக்கொள்ளும். பெடல் காற்றில் சுற்றும். சிலர் வழியிலேயே வெந்நீர் ஊற்றிவிடுவார்கள். பனி உருகும், வண்டி ஓடும். அந்தத் தண்ணீரும் உள்ளேயே தங்கி அடுத்த சிக்னலுக்குள் உறைந்துவிடும். முறையாகச் செய்வதென்றால் அறைச் சூட்டில் வைத்து உருகவிட்டு, கரைப்பான் விட்டு அலசி, உலர்த்தி, குளிரில் இறுகாத மெல்லிய எண்ணெய் விட வேண்டும். குறைந்தது ஒரு மணி நேரம்.

அவருக்கு அந்த ஒரு மணி நேரம் இல்லை. சட்டப்படி அவரே செய்ய வேண்டும். அண்ணை கையை வெளியே எடுத்தார். பின் சக்கரத்தைக் கழற்றி ஹீட்டர் அருகில் வைத்தார். சரசரவென்று வேலையை முடித்தார். அப்படியும் நாற்பது நிமிடம். ஆர்டர் வேறொருவருக்குப் போய்விட்டது.

அன்று இரவு கடை சாத்திய பிறகு தன்னார்வலர்களுக்குள் வாக்குவாதம். பட்டதாரி மாணவி ஒருவர் கறாராகச் சொன்னார்: இவருக்குச் செய்துகொடுத்தால் நாளை பத்துப் பேர் வருவார்கள், நாம் இலவச மெக்கானிக் கடையாகிவிடுவோம், கம்பெனி தர வேண்டிய செலவை நாம் சுமப்போம். அவர் பேச்சில் நியாயம் இருக்கிறது. உணவு சுமக்கும் இந்த ஊழியர்களின் செயினும் டயரும் அவர்கள் சொந்தச் செலவு. 2020 பிப்ரவரியில் ஒன்டாரியோ தொழிலாளர் உறவு வாரியம், ஃபுடோரா நிறுவனத்துக்கு உணவு சுமந்தவர்களைத் தனித்த வியாபாரிகளாகக் கருத முடியாது, அவர்கள் சங்கம் அமைக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அந்த மே மாதமே நிறுவனம் கனடாவிலிருந்து கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. பனிக்காலத்தில் நெருக்கடி இன்னும் கூடுகிறது. 2023 டிசம்பர் 31 அன்று சுரங்க ரயில் ஒன்றில் மின்சைக்கிள் பேட்டரி தீப்பிடித்தது. அடுத்த ஆண்டு முதல் நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை லித்தியம் பேட்டரிச் சைக்கிள்களை ரயிலிலும் பஸ்ஸிலும் ஏற்றத் தடை வந்தது. வழியில் மின்சைக்கிள் நின்றால் தூக்கிக்கொண்டு ரயிலேற முடியாது. பனியில் உருட்டிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

இன்னொரு தன்னார்வலர், ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்ட் பார்க்கும் நர்ஸ், பதில் சொன்னார்: கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறவர்களுக்கு மட்டும் கற்றுக்கொடுக்கிற பட்டறை யாருக்காக?

எனக்கு இந்தக் கேள்விதான் இந்தப் பட்டறையின் நடுமுள்ளாகப் பட்டது. ‘நீயே செய்’ என்பது நல்ல கொள்கை. ஆனால் அது காசுக்குப் பதிலாக நேரத்தைக் கட்டணமாக வாங்குகிறது. ஆசிரியைக்கு ஒரு மாலை நேரம் கையிலிருந்தது, சந்தோஷமாகக் கொடுத்தார். மணிக்கணக்கில் ஓடிச் சம்பாதிக்கிறவரிடம் அதே கட்டணத்தைக் கேட்டால், உண்டியலில் போடுவதைவிட அதிகமாக அவரிடமிருந்து வாங்கிவிடுகிறோம்.

முடிவு கொள்கைப் பேச்சில் கிடைக்கவில்லை. பட்டறையின் பின்னறையில் கிடைத்தது. இலையுதிர் காலத்தில் ஊரார் கராஜைச் சுத்தம் செய்யும்போது தானமாக வந்து குவிந்த சைக்கிள்கள் அங்கே கிடக்கின்றன. ஓடத் தகுதியானவற்றை வசந்தத்துக்குள் தேற்றி எடுப்பதும், மற்றவற்றைப் பிரித்து உதிரிப்பாகமாக்குவதும் பனிக்காலத்து வழக்கமான வேலை. அண்ணை அந்தக் குவியலிலிருந்து பின் சக்கரங்களை மட்டும் பொறுக்கினார். வாராந்திர வகுப்புக்கு வருகிறவர்கள் அவற்றில் பழகினார்கள்: சக்கர அச்சின் கோன் திறந்து பால்ஸ் மாற்றுவது, ஸ்போக்ஸ் இறுக்கிக் கோட்டம் எடுப்பது, ஃபிரீவீலை அலசி எண்ணெய் விடுவது. வகுப்பு முடியும்போது ஓடத் தயாராக ஒரு சக்கரம் கொக்கியில் தொங்கும்.

உணவு சுமப்பவர் வந்து நின்றால், அவருடைய உறைந்த சக்கரத்தைக் கழற்றிவிட்டுக் கொக்கியிலிருந்து ஒன்றை மாட்டிக்கொண்டு போகலாம். டயரும் டியூபும் மாட்டியே வைத்திருப்பதால் பத்து நிமிட வேலை. அச்சு நட்டைக் கழற்றுவதும் இறுக்குவதும் அவர் கையால்தான். சட்டத்துக்கு அவ்வளவு மரியாதை போதும் என்று மாணவியும் ஒப்புக்கொண்டார். அவர் விட்டுப்போகும் சக்கரம் அடுத்த வகுப்பின் பாடம். வகுப்புக்கு வருகிறவர்களிடம் நேரம் இருக்கிறது, பழகப் பழுது வேண்டும். ஓடுகிறவர்களிடம் பழுது இருக்கிறது, நேரம் இல்லை.

இது எல்லாருக்கும் உதவாது. சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் வைத்த மின்சைக்கிளுக்கு மாற்றுச் சக்கரம் கொக்கியில் கிடைக்காது. சக்கர அளவும் பல் எண்ணிக்கையும் ஆயிரம் விதம். செயின் தேய்ந்திருந்தால் சக்கரத்தை மாற்றியும் பயனில்லை. அதனால் வாசலிலேயே ஸ்கேலை வைத்துப் பார்த்துவிடுகிறார்கள். புதுச் செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம். அதில் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் நீண்டிருந்தால் செயினை மாற்றும் வேளை வந்துவிட்டது. எட்டில் ஒரு பங்கு நீண்டிருந்தால் பற்சக்கரங்களும் சேர்ந்து போய்விட்டன என்று பொருள். உப்புக் காலத்தில் இந்த எல்லை வெகு சீக்கிரம் வந்துவிடுகிறது. புதுச் செயினுக்கு மட்டும் கடைவிலை வாங்குகிறார்கள். பழைய செயினை மறுபடி மாட்டிக் கொடுப்பதில்லை.

மார்ச் கடைசியில் நான் போனபோது, வசந்தத்துக்கு முந்திய கூட்டம் சேரத் தொடங்கியிருந்தது. நடைபாதையில் பஞ்சர் ஸ்டாண்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். சைக்கிளைத் தானம் கொடுக்க வந்த ஒரு பெரியவர், முன்பக்கம் ரொம்ப நசுங்கிவிட்டது, குப்பைக்குத்தான் போகும் என்று சங்கடப்பட்டார். அண்ணை ஃபிரேமைப் பார்க்கவே இல்லை. பின் சக்கரத்தைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தார்.

“இது போதும் ஐயா. அடுத்த பனிக்கு முதல் ஆள் தயார்,” என்றார்.