சில்லறையில் வந்த காமராஜர்

ஒருவர் டாலர் சேர்க்கிறார் என்று கேள்விப்பட்டால் நம் வீட்டுப் பெண்மக்கள் முதலில் அவருடைய மனைவியின் கழுத்தைத்தான் பார்ப்பார்கள். சங்கிலியின் நடுவே பிள்ளையாரையோ திருமகளையோ தாங்கித் தொங்கும் பதக்கத்திற்கு நம்மவரிடையே டாலர் என்றல்லவா பெயர்! ஆனால் செம்பூரில் எனக்கு அறிமுகமான பெரியவர் ஒருவர் சேர்ப்பது அமெரிக்க நாட்டில் அச்சடித்த அசல் டாலர். அவருடைய மைந்தர் அங்கே வேலையில் இருக்கிறார். ஆண்டுக்கொருமுறை ஊருக்கு வரும்போது தந்தைக்கு அவர் கொண்டுவரும் பொருள் இந்த நாணயங்களே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் பெரியவர் தமது தொகுப்பை எனக்கு விரித்துக் காட்டினார். பொன்னிறமான வட்டக் காசுகள். ஒருபுறம் மறைந்த குடியரசுத் தலைவர் ஒருவரின் முகம். மறுபுறம் சுதந்திர தேவியின் சிலை. 2007ஆம் ஆண்டு வாஷிங்டனில் தொடங்கி, ஆண்டுக்கு நால்வர் வீதம் வரிசையாக வெளியிட்டார்கள். ஆண்டு எங்கே என்று நான் முன்னும் பின்னும் புரட்டித் தேடுவதைக் கண்டு பெரியவர் நகைத்தார். "தம்பி, விளிம்பைப் பாருங்கள்" என்றார். தோசைக்கல்லின் ஓரம்போல் மெல்லிய அந்த விளிம்பில் ஆண்டும் எழுத்துக்களும் பொறித்திருந்தன.

"இவ்வளவு அழகான காசை அந்நாட்டில் யாரும் கடைக்கு எடுத்துப் போவதில்லை" என்றும் அவரே சொன்னார். உண்மைதான். அமெரிக்க மக்களுக்கு ஒரு டாலர் என்றால் காகிதமாகத்தான் வேண்டும். காசை வாங்கிய வேகத்தில் வங்கியில் திருப்பிச் செலுத்திவிட்டார்கள். 2011ஆம் ஆண்டில் அந்நாட்டு மத்திய வங்கியின் பெட்டகங்களில் 140 கோடிக்கும் மேற்பட்ட டாலர்க் காசுகள் தூங்கிக் கிடந்தன. அவ்வாண்டு டிசம்பரில், புழக்கத்திற்கென்று அச்சடிப்பதை அரசாங்கம் நிறுத்தியது. அதன்பின் வந்தவை சேகரிப்போருக்காக மட்டுமே அச்சானவை.

பெரியவருடைய காசுகளில் ஒரு கீறல் இல்லை. அவற்றைப் பார்த்துவிட்டு இரவு தாராவிக்குத் திரும்பும்போது, என் தகரப் பெட்டியில் கிடக்கும் தேய்ந்த ரூபாய்களை எண்ணிச் சற்று நாணினேன். மறுநாள் அந்த நாணம் போய்விட்டது. எவ்வாறு போயிற்று என்பதைச் சொல்லுமுன் நம் நாட்டு நினைவு நாணயங்களைப்பற்றிச் சிறிது கூறவேண்டும்.

சுதந்திர இந்தியாவில் ஒரு மனிதரின் நினைவாக முதன்முதல் காசு வெளியானது 1964இல். அது நேருவின் மறைவை ஒட்டி வந்தது. 1969இல் காந்தியடிகள் நூற்றாண்டுக் காசுகள் வந்தன; அவற்றுள் பத்து ரூபாய் வெள்ளியில் அமைந்தது. அதன்பின் உணவு, குடும்ப நலம், விளையாட்டு என்று பற்பல பொருள்களில் காசுகள் வந்துகொண்டேயிருக்கின்றன. தமிழருக்கு உரியவை என்று சொல்லத்தக்கவையும் உள. 1995இல் தஞ்சையில் நடைபெற்ற எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டித் திருவள்ளுவர் உருவம் தாங்கிய காசுகள் வெளியாயின. அவற்றுள் இரண்டு ரூபாய்க் காசு பதினொரு பக்கம் கொண்டது. என் மகள் அதனை எண்ணி எண்ணிச் சலிப்பதேயில்லை. காமராஜர் நூற்றாண்டுக்கு 2003இல் ஐந்து ரூபாயும், அறிஞர் அண்ணா நூற்றாண்டுக்கு 2009இல் ஐந்து ரூபாயும், தஞ்சைப் பெரிய கோவில் ஆயிரமாண்டு கண்டதற்கு 2010இல் ஐந்து ரூபாயும் வந்தன. இசையரசி எம்.எஸ். சுப்புலட்சுமிக்குப் பத்து ரூபாய்; எம்.ஜி.ஆருக்கு ஐந்து ரூபாய்.

இவற்றுடன் நூறு ரூபாய், ஆயிரம் ரூபாய் மதிப்பில் பெரிய வெள்ளிக் கலவைக் காசுகளும் உண்டு. தஞ்சைக் கோவிலுக்கு அடித்ததுதான் இந்தியாவின் முதல் ஆயிரம் ரூபாய் நாணயம். 2024 ஆகஸ்டில் வெளியான கலைஞர் நூற்றாண்டுக் காசு நூறு ரூபாய் மதிப்பினது. அதில் 'தமிழ் வெல்லும்' என்னும் தொடர் தமிழ் எழுத்திலேயே இருக்கிறது. ஆனால் இவை கடைத்தெருவுக்கு வருவன அல்ல. அக்கசாலையார் பெட்டியில் வைத்து, முகமதிப்பினும் பன்மடங்கு விலைக்கு விற்கிறார்கள். என்னைப் போன்ற எழுத்தர் அவற்றைப் படத்தில் கண்டு மகிழலாம். ஐந்து ரூபாய்க் காசின் பெருமையே வேறு. அது பால்காரரிடமிருந்தும் பேருந்து நடத்துநரிடமிருந்தும் தானாகவே நம் கைக்கு வரும். வந்ததை அறியாமல் நாமும் கொடுத்துவிடுவோம்.

சேகரிப்பில் ஆர்வமுள்ளவர் மும்பையில் வாழ்வது ஒரு பாக்கியம். நம்மில் முதியோர் இன்னும் போரிபந்தர் என்றும் வி.டி. என்றும் வழங்கும் முனையத்தில் இறங்கித் தெற்கு நோக்கி நடந்தால், பெரிய தபால் நிலையத்திற்கு அப்பால் ஒரு சாலை பிரிகிறது. அதன் பெயரே மின்ட் ரோடு, அதாவது அக்கசாலைத் தெரு. அவ்வழியே சென்று, ஆசியவியல் கழகத்தின் படிக்கட்டுகளை நோக்கித் திரும்பினால், அருகில் உயர்ந்த தூண்களோடு நிற்கிறது மும்பை அக்கசாலை. 1829ஆம் ஆண்டு முதல் காசு அடிக்கும் இடம் அது. உள்ளே நம்மை விடமாட்டார்கள். வாயிலில் நிற்கும் காவலர் நம் பார்வையைக்கூட விரும்புவதில்லை. நான் இருமுறை எதிர்ப்புற நடைபாதையில் நின்று பார்த்துவிட்டு, வேலையற்றவன் என்று அவர் எண்ணுமுன் நகர்ந்துவிட்டேன்.

உள்ளே போகாமலே அக்கசாலையை அறிய ஒரு வழி உண்டு. உங்கள் கையிலுள்ள காசில் ஆண்டு பொறித்த எண்ணுக்குக் கீழே பாருங்கள். சிறிய வைர வடிவம் இருந்தால் அது மும்பையில் பிறந்தது. நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத். புள்ளி இருந்தால் நொய்டா. ஒன்றுமே இல்லையெனில் கல்கத்தா. என் சகஊழியர் ஒருவருக்கு இதனைச் சொன்னேன். மறுநாள் அவர் வீட்டுப் பிள்ளைகள் உண்டியலை உடைத்துவிட்டார்களாம். அக்குற்றத்தை என்மேல் சுமத்துகிறார்.

கோட்டைப் பகுதியிலேயே பெரோஷா மேத்தா சாலையில் ரிசர்வ் வங்கி 2004இல் ஒரு நாணயக் காட்சிசாலையைத் திறந்தது. சில ஆண்டுகளுக்கு முன் விடுமுறை நாளொன்றில் என் மகளை அங்கே அழைத்துச் சென்றேன். முத்திரையிட்ட பண்டைய வெள்ளித் துண்டுகளைக் கண்டு, "இது உடைந்த காசா அப்பா?" என்று கேட்டாள். சேரரின் வில்லும் சோழரின் புலியும் பாண்டியரின் மீனும் காசில் ஏறிய வரலாற்றை வீடு திரும்பும் வரை ரயில் பெட்டியில் சொல்லிக்கொண்டு வந்தேன். பள்ளியில் அவள் படிப்பது ஆங்கிலமும் மராத்தியும் இந்தியும். தமிழ் நாங்கள் வீட்டில் கற்பிப்பதுதான். அண்ணா நூற்றாண்டுக் காசில் அவருடைய கையொப்பம் தமிழில் இருக்கிறது. அதனை அவள் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "இதில் நம் எழுத்து எப்படி வந்தது?" என்று வியந்தாள். நம் எழுத்து என்று அவள் சொன்னதற்காகவே அந்தக் காசை நான் யாருக்கும் தரமாட்டேன்.

இனி என் நாணம் போன கதை. நான் புறநகர் ரயில் நிலையமொன்றில் பயணச்சீட்டு வழங்கும் எழுத்தர். இப்பொழுது கைபேசியிலும் இயந்திரத்திலும் சீட்டு எடுப்போர் பெருகிவிட்டனர். ஆயினும் ஐந்து ரூபாய்ச் சீட்டுக்கு ஐந்து ரூபாய்க் காசை நீட்டுவோர் இன்னும் இருக்கிறார்கள். என் முதல் சேகரமே எங்கள் இலாகாவுக்கு உரியதுதான். 1853 ஏப்ரல் 16ஆம் நாள் போரிபந்தரிலிருந்து தானாவுக்கு 34 கிலோமீட்டர் ஓடிய முதல் ரயிலின் 150ஆம் ஆண்டு நினைவாக 2003இல் வந்த இரண்டு ரூபாய்க் காசு அது. போலு என்னும் யானைக்குட்டி கையில் விளக்கேந்தி நிற்கும். அதனை ஒரு தேநீர்க் கடையில் சில்லறையாகப் பெற்றேன்.

என் தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பதினேழு வயதில் தாராவிக்கு வந்து தோல் பதனிடும் தொழிற்கூடத்தில் வேலை செய்தவர். ஊரில் நான்காம் வகுப்புவரை படித்தார். 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கும் வந்திராவிட்டால் அந்த நான்கும் இல்லை என்பார். 90 அடிச் சாலையில் காமராஜர் பெயரால் நடைபெறும் பள்ளியைக் கடக்கும்போதெல்லாம் பெயர்ப்பலகையை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பது அவர் வழக்கம். காமராஜர் உருவம் பொறித்த காசு உண்டென்று நான் சொன்ன நாள்முதல், "கிடைத்ததாலே?" என்று மாதமொருமுறையாவது கேட்டுவந்தார்.

செம்பூர்ப் பெரியவர் வீட்டுக்குப் போய்வந்த மறுநாள் மாலை, வரிசை நெருக்கியடித்த வேளையில், சாளரத்தின் கீழ்ப்பள்ளத்தில் ஒரு காசு வந்து விழுந்தது. எடுத்துப் போடும் கை நின்றுவிட்டது. காமராஜரேதான்! ஓரங்கள் தேய்ந்து, நெற்றியில் ஒரு வடுவோடு, கனமான அந்தக் காசு என் உள்ளங்கையில் இருந்தது. இந்தப் பெருநகரில் எத்தனை ஆயிரம் கைகள் கடந்து என் சாளரத்துக்கு வந்ததோ! பெட்டியில் உறங்கும் பொன்னிற டாலரை நினைத்து இனி நான் எதற்கு நாணவேண்டும்?

ஆனால் பணிக்கு அமரும்போது எங்கள் சொந்தப் பணம் எவ்வளவு என்று பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். அன்று நான் எழுதியது அறுபத்தைந்து ரூபாய். அதிலிருந்து ஐந்தை எடுத்துப் பெட்டியில் போட்டு, இதனை எடுத்துக்கொண்டால் கணக்கில் ஒரு காசும் குறையாது, அரசுக்கும் நட்டமில்லை. இருப்பினும் சீட்டுக் கொடுக்கும் நேரத்தில் சொந்தப் பைக்கும் அரசுப் பெட்டிக்கும் இடையே எழுத்தரின் கை போய்வரலாகாது. முதல்நாள் காமராஜருக்காகப் போன கை மறுநாள் எதற்காகப் போகும் என்று யார் அறிவார்? நம் மொழியில் காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்று ஒரே சொல் வைத்த முன்னோர், என்னைப் போன்ற எழுத்தரை நினைத்தே வைத்தார்கள் போலும்! "சீக்கிரம் கொடுங்கள்" என்று சாளரத்துக்கு வெளியே மராத்தியில் குரல் எழுந்தது. காசைப் பெட்டியில் போட்டேன். பணி முடிந்து எண்ணும்போது அது ஐந்து ரூபாய்க் குவியலில் எங்கே போயிற்று என்று நான் தேடவில்லை. தேடியிருந்தால் என் உறுதி நின்றிருக்குமா என்பது ஐயமே. பை கட்டி முத்திரையிட்டுப் போய்விட்டது.

வீட்டில் சொன்னேன். தந்தையார் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "மீசை தெரிந்ததா?" என்று கேட்டார். தெரிந்தது என்றேன். "சரி" என்று சொல்லிப் பாயை விரித்துப் படுத்துவிட்டார்.

இங்கே நம் குடும்பங்களுக்கு ஓர் எச்சரிக்கை. எங்கள் குடியிருப்பில் ஓர் அக்காள், வைஷ்ணவ தேவி உருவம் பொறித்த 2012ஆம் ஆண்டுக் காசு தம்மிடம் இருப்பதைக் கண்டு, அதனைப் பல இலட்சத்துக்கு வாங்குவோர் உண்டு என்று கைபேசியில் வந்த விளம்பரத்தை நம்பினார். பேசியவன் முதலில் பதிவுக் கட்டணம் கேட்டான். பின்னர் வரி என்றான். ரிசர்வ் வங்கியின் பெயரையும் இழுத்தான். மகளின் காதணிக்கென்று சேர்த்த பணம் போயிற்று. காசு மட்டும் அவரிடமே இருக்கிறது. அதன் விலை இன்றும் ஐந்து ரூபாய்தான். பழைய காசுகளை வாங்கி விற்பதில் தனக்கு எவ்வித ஈடுபாடும் இல்லை என்றும், கட்டணம் கேட்போரை நம்பவேண்டாம் என்றும் ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிவித்திருக்கிறது. அக்காளுக்கு அது எட்டவில்லை. நம் சங்கத்தில் யாரேனும் இத்தகைய அழைப்பைப் பெற்றால், பணம் அனுப்புமுன் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடமாவது ஒரு சொல் கேளுங்கள்.

மற்றொன்று சிறியது, ஆயினும் சொல்லிவிடுகிறேன். காசைப் புளி போட்டுத் துலக்காதீர்கள். என் மனைவி குத்துவிளக்கோடு சேர்த்து என் திருவள்ளுவரையும் ஒருமுறை துலக்கிவிட்டாள். பளபளப்பு வந்தது, முகத்தின் நுட்பம் போயிற்று. உலர்ந்த காகித உறையில் ஒவ்வொன்றாகப் போட்டு வைப்பதே நலம்.

காமராஜர் பிறகு கிடைத்தார். தீபாவளிக்கு முந்தைய வாரம் கோட்டைப் பகுதி நடைபாதையில், துணி விரித்துப் பழங்காசு விற்பவரிடம் ஐம்பது ரூபாய்க்கு வாங்கினேன். அப்படியே மாட்டுங்காவில் இறங்கிப் பூவும் காப்பித் தூளும் வாங்கிக்கொண்டு, பெருமிதத்தோடு வீடு போய்த் தந்தையார் கையில் வைத்தேன். விலையைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது.

"ஐந்து ரூபாய்க் காசுக்கு ஐம்பதா? அந்த மனிதர் இருந்திருந்தால் உன்னை விட்டிருப்பாரா?"

அதைச் சொல்லிக்கொண்டே காசைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மற்றக் காசுகளோடு உறையில் வைக்க அவர் இசையவில்லை. அது இன்றும் சட்டைப்பையிலேயே இருக்கிறது. கண்பார்வை முன்போல் இல்லாமையால் இருமுறை அதனைத் தேநீருக்குக் கொடுத்துவிட்டு வந்தார். இருமுறையும் கடைக்கார அண்ணாச்சி தனியே எடுத்து வைத்திருந்து, மறுநாள் காலையில் அவரிடம் திருப்பிக் கொடுத்து, வேறு ஐந்து ரூபாய் வாங்கிக்கொண்டார்.