மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம்

கண்டாச்சிபுரத்துப் பிள்ளைகளுக்குக் கல் புதிதில்லை. ராமநாதீஸ்வரர் கோயில் குன்றில் பங்குனி வெயிலில் வெறுங்காலோடு ஏறி வாங்கிய சூடு உங்களுக்கும் மறந்திருக்காது. அதனாலேயே கோடை லீவுக்கு அனுமந்தை அத்தை வீடு என்றால் அப்படிப் பறந்தோம். விழுப்புரத்தில் ஒரு பஸ், திண்டிவனத்தில் ஒரு பஸ், மரக்காணத்தில் இன்னொன்று. உப்பளம் கண்ணில் பட்டதும் காற்றே மாறிவிடும்.

அத்தை வீட்டிலிருந்து கடல் தெரியாது, சத்தம்தான் கேட்கும். மல்லாட்டைக் கொல்லை, அதைத் தாண்டிச் சவுக்குத் தோப்பு, அதற்கப்புறம் மணல்மேடு. தோப்பில் காலடி மெத்தென்றிருக்கும், மேலே காற்று ஓயாமல் உஸ்ஸென்று இரையும். மேட்டில் இரண்டடி வைத்தால் மணல் ஓரடி கீழே இழுக்கும். மூச்சு வாங்க உச்சிக்குப் போனால் கட்டுமரங்கள், கருவாட்டு வாசனை, கண்ணுக்கெட்டின மட்டும் கடல்.

மேடு முழுக்க அடம்பங்கொடி, ஊதாப் பூவோடு. ராவணன் மீசையின் முள்ளுருண்டைகள் காற்றில் ஓட, பின்னாலேயே நாங்கள் ஓடுவோம். கொடியில் கை வைத்தால் மட்டும் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் ஆயா விடமாட்டாள். "ஆட்டம் போடு, வேணாங்கல. கொடிய அறுக்காத. அதுதான்டா மேட்ட புடிச்சிக்கினு இருக்குது." நிஜம்தான். காற்று வாரி வரும் மணல் கொடியில் தட்டி விழும். மூட மூடக் கொடி மேலேறிப் படரும். ஐப்பசி, கார்த்திகையில் கடல் மேட்டின் அடியைக் கடித்துக்கொண்டு போகும். பெரியவர்கள் பதறமாட்டார்கள். கைமாற்று வாங்கினவன் திருப்பித் தருவதுபோல, தை, மாசிக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து போட்டுவிடும். மேட்டடியில் கையால் தோண்டினால் ஊறும் தண்ணீர், கடலுக்கு அத்தனை பக்கத்தில், தித்திக்கும். அதில் அத்தை வைத்த நெத்திலிக் குழம்பு... விடுங்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தது, மனை போட்டார்கள். மேட்டை நிரவினால்தான் கடல் தெரியுமாம். லாரி லாரியாக மணல் போனது. சவுக்கும் போனது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது தமிழ்நாட்டுக் கரையில் மேடு உயர்ந்து நின்ற இடங்களில் அலை ஏறி இளைத்தது. உடைந்த இடங்களில் ஊருக்குள் புகுந்தது. ஆயாவின் பேச்சை அப்போதுதான் எல்லோரும் பேசினார்கள். கேட்க அவள் இல்லை.

தெற்கே வேறு கதை. வருஷத்தில் பாதிக்கு மேல் நம் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1980களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கடலுக்குள் கல்லணை போட்டதும் அது அங்கேயே தேங்கியது. புதுச்சேரியில் மணற்கரை கரைந்து கருங்கல் குவிந்தது. அதற்கும் வடக்கே, நம் மாவட்டத்துச் சின்னமுதலியார்சாவடியிலும் பொம்மையார்பாளையத்திலும் வீடுகளே கடலுக்குள் போயின. அங்கேயும் கல்லைக் கொட்டினார்கள். ஓரிடத்தில் கொட்டினால் அடுத்த ஊரைக் கடல் அரிக்கிறது. கல்லுக்குக் கடனைத் திருப்பி வாங்கத் தெரியாது. மணலைப் பார்க்க மூன்று பஸ் மாறிப் போன நமக்கு இப்போது அங்கேயும் பாறைதான் கிடைக்கிறது.

மணல்மேட்டைக் கலைக்கக்கூடாது என்று கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையில் 1991-லேயே எழுதிவிட்டார்கள். அத்தை வீட்டுக்குக் கிழக்கே லாரி வந்தது அதற்குப் பல வருஷம் கழித்து.