ம்வேயாவில் ஒரு தாயும் மூன்று குட்டிகளும்

கம்பாலாவிலிருந்து விடியற்காலையில் காரில் கிளம்பிய நாங்கள் ம்வேயா போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. உகாண்டாவில், 1952-இல் அமைக்கப்பட்ட குயின் எலிசபெத் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது ம்வேயா. ஒருபக்கம் எட்வர்ட் ஏரி, மறுபக்கம் கஸிங்கா கால்வாய். யானை, நீர்யானை எல்லாம் பார்க்கலாம் என்று ஆசை காட்டித்தான் என்னவர் அழைத்துப் போயிருந்தார். விடுதி வாசலில் எங்களை முதலில் வரவேற்றது என்ன தெரியுமோ? ஒரு பன்றி!

'வார்ட்ஹாக்' என்கிறார்கள். ஸ்வாஹிலியில் 'ங்கிரி'. முகத்தில் பெரிய பெரிய மரு, வாயின் இருபக்கமும் மேலே வளைந்த கோரைப்பல். அழகு என்று பெற்ற தாய்கூடச் சொல்லமாட்டாள்! நாம் முட்டி போட்டுத் தரை துடைக்கிறோமே, அதே மாதிரி முன்னங்கால்களை மடக்கிக்கொண்டு புல் மேய்ந்தது. முட்டி போலத் தெரிந்தாலும் அது மணிக்கட்டாம். அங்கே காய்த்துப்போன தோல், குட்டி பிறக்கும்போதே இருக்குமாம்.

பின்னாலேயே மூன்று குட்டிகள். அம்மா ஓடினால் வாலைக் கொடிக்கம்பம் மாதிரி தூக்கிக்கொண்டு அவையும் ஓடின. என் மகள் கைதட்டிச் சிரித்தாள்.

கர்ப்பம் சுமார் 170 நாள். தாய்க்கு நான்கே காம்புகள். ஒவ்வொரு குட்டிக்கும் அதற்கென்று ஒன்று. உடன்பிறந்தது செத்துப்போனால்கூட மற்றவை அந்தக் காம்பில் வாய் வைப்பதில்லையாம். உடம்பில் ரோமம் குறைவு, குளிர் தாங்காது. அதனால் இரவில் வளைக்குள்தான் தூக்கம். பெரும்பாலும் ஆர்ட்வார்க் என்ற பிராணி தோண்டிவிட்டுப் போன வளைதான். குட்டிகள் தலையை நீட்டி உள்ளே ஓடிவிடும். அம்மா மட்டும் பின்பக்கமாக நுழைந்து, கோரைப்பல் வாசலைப் பார்த்திருக்கப் படுத்துக்கொள்வாள்.

பகலில் இன்னொரு வேடிக்கை. கீரிக்கூட்டம் ஒன்று வந்தது. இவள் சாவகாசமாகப் படுத்துக்கொண்டாள். முதுகில் ஏறி உண்ணி பொறுக்கித் தின்றன கீரிகள்!

எங்கள் டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கென்று அவர் மனைவி வளர்த்த பன்றிகள் ஒரே வாரத்தில் காய்ச்சலில் போய்விட்டனவாம். 'ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல்' கென்யாவில் கண்டறியப்பட்டு, 1921-இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட நோய். இந்தக் காட்டுப்பன்றியின் உடம்பில் கிருமி இருந்தாலும் அது நோயில் படுக்காது. வளையிலுள்ள ஒருவகை உண்ணி கடித்து வீட்டுப்பன்றிக்கு வந்தால் பிழைப்பது அரிது. பிறகு பன்றிக்குப் பன்றி தொற்றிக்கொண்டே போகும். தடுப்பூசி போட்டுக் காப்பாற்றவும் அங்கே வழியில்லை. மனிதர்களுக்கு இது வராது. "ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்ததே அம்மா" என்றார் அவர்.

மூன்றாம் நாள் காலை, காபி டம்ளரோடு வெளியே வந்தேன். அவள் வழக்கம்போல முட்டி போட்டு மேய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் இரண்டே குட்டிகள். இரவில் கழுதைப்புலியின் சத்தம் கேட்டதாக விடுதிப் பையன் சொன்னான்.

"இன்னொரு பாப்பா எங்கேம்மா?" என்று மகள் கேட்டாள். தூங்குகிறது என்று சொல்லி, அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.