பண்பொழியில் பராஅத் இரவு

பண்பொழிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் திருமலைக் குமாரசாமியைத் தரிசிக்கவே வருகிறார்கள். மலையைப் பார்த்தபடியே ஊரைக் கடந்து விடுவார்கள். நாமும் வெகுகாலம் அப்படித்தான் இருந்தோம்.

2025-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் ஒரு மாலை, நம்மிடம் படித்த ஒருவரின் வீட்டிற்குச் சென்றிருந்தோம். அவர் துபாயில் வேலையாயிருக்கிறார். அவருடைய தாயார் நம்மை வரவேற்று, "நல்ல நாளில் வந்தீர்கள், சார்! இன்று பராஅத்" என்றார்.

நமக்கு வெட்கமாயிருந்தது. அந்த அம்மாளின் பிள்ளை மாணவராயிருந்த நாளில், வருஷந்தோறும் ஒரு காலையில் நமக்கு ரொட்டி கொண்டு வருவார். வாங்கித் தின்றோமே தவிர, எதற்கென்று ஒரு நாளும் கேட்டதில்லை.

இப்போது கேட்டோம். ஷஃபான், இஸ்லாமிய வருஷத்தின் எட்டாம் மாதம். அதன் பதினைந்தாம் இரவே பராஅத். அச்சொல்லுக்கு விடுதலை என்று பொருள். மஃரிப் தொழுகைக்குப் பின் யாசீன் அத்தியாயத்தை மூன்று முறை ஓதுவார்கள். நீண்ட ஆயுளுக்காக ஒன்று, துன்பம் விலக ஒன்று, வாழ்வாதாரத்துக்காக ஒன்று. இன்னும் இரண்டு வாரத்தில் ரமலான் நோன்பு தொடங்கும். இவ்விரவைத் தனியே கொண்டாட வேண்டியதில்லை என்று கருதுவோரும் முஸ்லிம்களிடையே உண்டு. ஆகவே எல்லா வீடுகளிலும் இவ்வழக்கம் இல்லை.

ஓதி முடிந்ததும் பேரனும் பேத்தியும் தயாராக நின்றார்கள். அரிசிமா ரொட்டி, வாழைப்பழம், சிறிது சர்க்கரை எல்லாம் தட்டுக்களில் ஏறின. மேலே ஒரு துணியை மூடிக்கொண்டு குழந்தைகள் தெருவில் இறங்கினார்கள். எதிர் வீட்டுப் பாட்டியம்மாள், வெறுந்தட்டைத் திருப்பலாகாதென்று ஒரு வெல்லக்கட்டியை வைத்து அனுப்பினார். வரும் வழியிலேயே அது பாதியாகி விட்டது!

சற்றைக்கெல்லாம் துபாயிலிருந்து தொலைபேசி வந்தது. அந்நாட்டிலும் இதே இரவு சிறுவர்களுக்கு உரியதாம். 'ஹக் அல் லைலா' என்று பெயர். புத்தாடை உடுத்தி, கழுத்தில் துணிப்பை மாட்டிக்கொண்டு, வீடு வீடாகப் பாடிச் சென்று மிட்டாயும் பருப்புவகைகளும் பெறுவார்களாம். நம்மூரில் பிள்ளைகள் கொடுக்கப் போகிறார்கள். அங்கே வாங்கப் போகிறார்கள்.

"வாப்பா, உங்கள் பங்கை என்ன செய்ய?" என்று சிறுமி கேட்டாள். நான்கு வருஷமாக அவர் இந்த நாளில் வீட்டில் இல்லை என்று அந்த அம்மாள் மெல்லச் சொன்னார்.

சிறிது நேரம் பதில் இல்லை. பிறகு, "சாரிடம் கொடு, அம்மா. அவருக்குப் பிடிக்கும்" என்றது குரல்.

தட்டு நம்மிடம் வந்தது. உண்டு முடித்தபின், அதை வெறுமையாகத் திருப்ப மனம் வரவில்லை. சட்டைப் பையில் இருந்தது பேனா ஒன்றுதான். அதைத் தட்டில் வைத்துக் குழந்தையிடம் கொடுத்தோம்.

வெளியே வந்தபோது நிலா கிழக்கே எழும்பி, திருமலையின் மீது ஒளி வீசிக்கொண்டிருந்தது.