மூன்று புதிய முகங்கள்

அரிவாள்மணையில் விரலை வெட்டிக் கொள்ளாத பெண்மணி நம் வீடுகளில் உண்டா? வெட்டிக் கொள்கிறோம், அழுத்திப் பிடிக்கிறோம், சாம்பார் கொதித்து முடிவதற்குள் ரத்தம் நின்று விடுகிறது. அது ஏன் நிற்கிறது என்று ஒரு நாளும் யோசிப்பதில்லை. ரத்தத்தில் இருக்கும் பல உறைபொருள்கள் ஒன்றன் கையை ஒன்று பிடித்துக் கொண்டு அணை கட்டுகின்றன, அதனால் நிற்கிறது. அவற்றில் எட்டாவது குறைந்தால் ஹீமோபிலியா 'ஏ'. ஒன்பதாவது குறைந்தால் 'பி'. அப்படிப் பிறந்த பையனுக்கு வெளிக்காயத்தைவிட உட்கசிவுதான் பெரிய ஆபத்து. முழங்காலுக்குள் ரத்தம் கசிந்து வீங்கும். அடிக்கடி அப்படி நேர்ந்தால் மூட்டே முடங்கிப் போகும்.

இவர்களைக் கவனிக்கும் ஓர் ஆஸ்பத்திரிப் பிரிவுக்கு மூன்று பேர் புதிதாக உத்தியோகத்துக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போயிருந்தேன். பெரிய டாக்டரைப் பேட்டி காண்பதுதான் எங்களைப் போன்ற பத்திரிகைக்காரர்களின் வழக்கம். நானோ அந்த மூவரையே உங்களுக்கு அறிமுகம் செய்யப் போகிறேன்.

முதலாமவர் நர்ஸ். குறைந்திருக்கும் உறைபொருளை ரத்தக் குழாயில் ஊசி மூலம் ஏற்றுவது இவர் வேலை. அதைவிட முக்கியமான வேலை, அந்த வித்தையைத் தாய்மார்களுக்கே கற்றுக் கொடுப்பது. நடுநிசியில் கால் வீங்கினால் விடியும் வரை காத்திருக்க முடியுமா?

இரண்டாமவர் பிசியோதெரபிஸ்ட். வீங்கியிருக்கும்போது ஐஸும் ஓய்வும். வடிந்த பிறகு பயிற்சி. "பயந்து கொண்டு பையனை உட்கார்த்தியே வைத்தால் தசை மெலிந்து போகும். மூட்டுக்குக் காவல் தசைதானே!" என்கிறார்.

மூன்றாமவர் சோஷியல் வொர்க்கர். இந்தப் பெண்ணின் கையில் ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை. ஒரு நோட்டுப் புத்தகம்தான். எட்டு வயதுப் பையனோடு தாயும் பாட்டியும் வந்திருந்தார்கள்.

"எங்கள் வம்சத்திலே இது கிடையாது. எல்லாம் இவள் கொண்டு வந்தது" என்றாள் பாட்டி.

"பாட்டி, குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல் மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு இது வருகிறது. தாய் வழியாகவே வந்தாலும், இவர் ஆசைப்பட்டுக் கொண்டு வந்த சீரா அது?" என்றார் அந்தப் பெண். பிறகு தாயின் பக்கம் திரும்பி, "உங்களுக்கு எப்படி, அம்மா?" என்று கேட்டார்.

"எனக்கென்ன? பையனைப் பற்றிக் கேளுங்கள்" என்றாள் அவள்.

மெள்ள மெள்ளத்தான் விஷயம் வெளிவந்தது. பல் பிடுங்கிய இடத்தில் இரண்டு நாள் ரத்தம் நிற்கவில்லையாம். மாதந்தோறும் பத்து நாள் அவஸ்தையாம். "எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அப்படித்தான்" என்றாள். நோயைப் பிள்ளைக்குக் கடத்தும் தாய்க்கும் உறைபொருள் குறைவாக இருக்கக்கூடும். அன்றே அவளுக்கும் ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதப்பட்டது. பாட்டி வாய் திறக்கவில்லை.

பெண்களுக்கும் ரத்தக் கசிவு நோய் உண்டு என்பது மருத்துவ உலகம் அறியாததல்ல. 1924-ல் பின்லாந்தைச் சேர்ந்த ஆலண்ட் தீவுகளிலிருந்து ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை எரிக் வான் வில்லிபிராண்ட் என்ற டாக்டரிடம் கொண்டு வந்தார்கள். ஆண், பெண் இருபாலாரையும் பிடிக்கும் புது வகை நோய் இது என்று 1926-ல் அவர் எழுதினார். இன்று அந்த நோய்க்கு அவர் பெயர்தான். அந்தக் குழந்தையோ பதின்மூன்றாம் வயதில், தன் நான்காவது மாதவிலக்கின்போது, ரத்தப்போக்கால் இறந்து போனாள். ஆண்டுதோறும் ஏப்ரல் 17 உலக ஹீமோபிலியா தினம். பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் ரத்தக் கசிவு உண்டு என்பதுதான் 2025-ல் அந்தத் தினத்தின் முழக்கம்!

டாக்டர், நர்ஸ், பிசியோதெரபிஸ்ட், சோஷியல் வொர்க்கர் எல்லாரும் கூடிக் கவனிக்கும் மையங்கள் அமெரிக்காவில் பல ஆண்டுகளாக இருக்கின்றன. அங்கே சிகிச்சை பெற்ற ஹீமோபிலியாக்காரர்களிடையே மரணம் 40 சதவீதம் குறைவு என்று 2000-ல் வெளியான ஓர் ஆய்வு கூறியது. மருந்து வேண்டும்தான், விசாரிக்க ஆளும் வேண்டும்.

சகோதரிகளே, மாதவிலக்கு ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலும், இரண்டு மணி நேரத்துக்குள் நாப்கின் நனைந்து போனாலும், 'நம் குடும்பத்து உடம்பு வாகு' என்று இருந்து விடாதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள். நோட்டுப் புத்தகத்தோடு ஒருவர் வந்து உங்களையும் விசாரித்தால், 'எனக்கென்ன?' என்று மட்டும் சொல்லி விடாதீர்கள்.